அழைப்பிதழ் கிடைக்காதவர்களுக்கு

எனது இளைய மகளின் திருமணம் 2025 ஆவணியில் நடந்தேறியது. அன்று தொடக்கம் என்னோடு பேசாதிருப்போரை எண்ணிப் பார்த்தேன். நாற்பது பேருக்குக் குறையாது. அண்ணரின் சம்பந்தி வீட்டார் முழுக்குடும்பமாக ஒதுங்கிவிட்டனர். ஒரே ஆசிரிய பீடத்தில் இருபது வருடங்கள் எதிரெதிர் மேசைகளில் இருந்து எழுதிய நண்பர் ஒருவர், காலி வீதியில் என்னைக் கண்டதும் மறுபக்கம் கடந்து போனார். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் தட்டி விளக்கம் சொல்ல உடலில் வலுவில்லை. ஆகவே பழகிய தொழிலையே நாடுகிறேன், எழுதிவிடுகிறேன். இதனை மன்னிப்புக் கடிதம் என எண்ணி வாசிக்கத் தொடங்கியவர்கள் இவ்விடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நடந்தது இதுதான். வெள்ளவத்தையில் ஒரு கோயிலோடு சேர்ந்த சிறு மண்டபத்தில், தொண்ணூற்றிரண்டு பேர் முன்னிலையில், காலை முகூர்த்தத்தில் தாலி கட்டப்பட்டது. பகல் ஒரு மணிக்கு முன்னர் எல்லோரும் வாழையிலையில் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். மறுநாள் வரவேற்பு விருந்து இல்லை. நட்சத்திர ஹோட்டல் இல்லை. செய்தி பரவிய அன்றிரவே அண்ணர் கனடாவிலிருந்து தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "தம்பி, உனக்கென்ன பஞ்சமே? கடைசிப் பிள்ளையின்ரை கலியாணத்தை இப்பிடி ஒளிச்சுச் செய்தால் சனம் என்ன கதைக்கும்?"

சனம் என்ன கதைக்கும் என்பதை அறிய நான் அதிக தூரம் போகவேண்டியதில்லை. 2011 இல் என் மூத்த மகளுக்குத் திருமணம் செய்தபோது, சனம் நல்லபடியாகக் கதைக்கவேண்டும் என்பதற்காக அறுநூற்று நாற்பது பேரை அழைத்தவன் நான்.

அந்தக் கதையை இதுவரை எங்கும் எழுதியதில்லை. அப்பொழுது எனக்கு ஐம்பத்தைந்து வயது நிறைந்திருந்தது. ஊழியர் சேமலாப நிதியைக் கைக்கு எடுக்கும் வயது. மாதந்தோறும் என் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு வீதமும் நிறுவனத்தின் பன்னிரண்டு வீதமுமாக முப்பது வருடங்களுக்கு மேல் சேர்ந்த பணம் அது. ஒரு பத்திரிகையாளனின் சம்பளம் எத்தகையது என்பதை அத்துறையில் இருந்தவர்கள் அறிவார்கள். அந்தப் பணம் முழுவதும் ஒரு காலைப்பொழுதிலும் ஒரு மாலைப்பொழுதிலும் கரைந்தது. போதாமைக்கு வாங்கிய கடனை அடைக்க நான்கு வருடங்கள் சென்றன. ஓய்வு பெறவேண்டிய வயதில் இரண்டு இடங்களில் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். மகளுக்கு இது தெரியாது என்றே நம்பியிருந்தேன்.

இளையவளின் திருமணப் பேச்சு வந்தபோது நானும் வழக்கம்போல் ஒரு கொப்பியை எடுத்து ஐந்நூறு பேரின் பெயர்களை எழுதத் தொடங்கினேன். அவள் என் எதிரே வந்து இருந்தாள்.

"அப்பா, அக்கா தன்ரை கலியாணத்தண்டு எத்தினை மணிக்குச் சாப்பிட்டவ எண்டு தெரியுமே?"

தெரியாது என்றேன். மாலை நாலரை மணி என்றாள். உடை மாற்றும் அறையில், உதட்டுச் சாயம் அழியாமல், யாரோ துண்டு துண்டாக ஊட்டிவிட்ட ஒரு மரக்கறி றோல்ஸ். அதிகாலை இரண்டரை மணிக்கு அலங்காரத்துக்கு எழுப்பப்பட்டவள் அதுவரை உண்டது அதைத்தான். தாலி கட்டும் தருணத்தில் வெளிச்சம் சரியாக விழவில்லை என்று கூறி, வீடியோ எடுத்தவர் மாப்பிள்ளையின் கையை மறுபடியும் கழுத்தருகே கொண்டுபோகச் சொன்னாராம். மந்திரம் முடிந்து, அட்சதை விழுந்து, கெட்டிமேளம் ஓய்ந்த பின்னர் ஒரு பாவனைத் தாலிகட்டு! மணவறையிலிருந்து பத்தடி தூரத்தில் நின்ற நான் அதைக் காணவில்லை. வாசலில் யாரோ ஒரு நிறுவனத் தலைவரை வரவேற்றுக்கொண்டிருந்தேன். அவர் பெயர் இன்று எனக்கு நினைவில்லை.

கொப்பியை மூடி வைத்தேன்.

கமராவைப் பழிப்பதற்கு முன்னர் அதன் வரலாற்றையும் சொல்லவேண்டும். எமது திருமணங்களுக்குள் வீடியோ நுழைந்தது ஆடம்பரமாக அல்ல. 1983 ஜூலைக்குப் பின்னர் பிள்ளைகள் ஒரு நாட்டிலும் பெற்றோர் இன்னொரு நாட்டிலுமாகச் சிதறினார்கள். அகதி விண்ணப்பம் முடிவாகாத அண்ணன் தங்கையின் திருமணத்துக்கு வரமுடியாது. யாழ்ப்பாணத்தில் பாதை அடைபட்டுக் கிடந்த தாய் கொழும்பில் நடக்கும் மகனின் திருமணத்துக்கு வரமுடியாது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கி, பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் முடித்துக்கொண்ட திருமணங்கள் எத்தனை! அவற்றின் கசெற்றுகள் ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் போயின. அங்கே ஒரு அறையில் பத்துப்பேர் கூடியிருந்து அழுதபடி பார்த்தார்கள். வரமுடியாதவரின் கண்ணாகவே கமரா வந்தது. அந்தக் கமராவை நான் வணங்குவேன்.

இன்று வரவேண்டியவர்கள் எல்லோரும் விமானமேறி வந்து முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மணவறைக்கும் இடையில் நான்கு கமராக்காரர்களின் முதுகுகள் இருக்கின்றன. தலைக்கு மேலே ட்ரோன் இரைகிறது. கடல் கடந்து வந்த பெரியம்மா, பெறாமகளின் கழுத்தில் தாலி ஏறுவதை மண்டபச் சுவரில் தொங்கும் திரையில் பார்க்கிறார். அதை அவர் தன் வீட்டில் இருந்தே பார்த்திருக்கலாமே.

இதற்கெல்லாம் இளைய தலைமுறைதான் காரணம் என்று மேடைகளில் முழங்குவது எம்மவர்க்குப் பிடித்தமான காரியம். நானும் முழங்கியிருக்கிறேன், பத்தி எழுதியும் இருக்கிறேன். அது பொய். எனது மகளும் மருமகனும் முதலில் கேட்டது முப்பது பேர். தொண்ணூற்றிரண்டாகப் பெருக்கியது நானும் சம்பந்தியும். இந்த வயதுப் பிள்ளைகள் 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றவர்கள். அவ்வருடம் செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் நூற்றுக்கு எழுபது வீதத்தை எட்டியபோது, தமது சம்பளம் மாதத்தின் நடுவில் முடிந்துபோவதைக் கண்டவர்கள். பணத்தின் பெறுமதி அவர்களுக்குத் தெரியும். தெரியாதிருப்பது எங்களுக்கு. ஊருக்கு முன் தலைநிமிர்ந்து நிற்கவேண்டும் என்ற ஆசை தகப்பனுடையது. அதைப் பிள்ளையின் பெயரில் எழுதிவிடுகிறோம்.

கணக்கைப் பாருங்கள். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் ஒருவருக்கான சாப்பாடு 7,000 ரூபா என்று பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதன் மேல் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம். 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்குப் பதினெட்டு வீதமாக உயர்ந்த பெறுமதி சேர் வரி. ஏறத்தாழ 9,000 ரூபாவாகிவிடும். ஐந்நூறு பேருக்கு நாற்பத்தைந்து இலட்சம். இது சோற்றுக்கு மாத்திரம். மணவறை, பூ, விளக்கு, வீடியோ, அலங்காரம், அழைப்பிதழ் என்று வைத்து அனுப்பும் அந்தப் பலகைப்பெட்டி எல்லாம் புறம்பு. இத்தனைக்கும் ஓர் இளம் தம்பதி கொழும்பில் ஒரு சிறு வீட்டை வாடகைக்கு எடுக்கப் போனால், முற்பணம் கொடுக்க வழியில்லாமல் மறுபடியும் தகப்பனிடமே வந்து நிற்கவேண்டியிருக்கிறது.

1707 இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையை எடுத்து வாசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். சீதனம் என்ற ஏற்பாட்டில் ஆயிரம் குறைகள் உண்டு. அதனால் திருமணமாகாமல் முதிர்ந்த பெண்களை நான் அறிவேன். அதற்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஆயினும் அதனுள் ஒரு நோக்கம் இருந்தது. பெற்றோரின் ஆதனத்தில் ஒரு பங்கு புதிய குடும்பத்தின் முதலாக அமையவேண்டும் என்பது அது. காணியாகவோ வீடாகவோ நகையாகவோ அது மகளிடம் நின்றது. இன்று நாம் சீதனத்தை ஒழித்துவிட்டதாகப் பெருமை பேசிக்கொண்டு, அதே முதலை ஒரே நாளில் ஹோட்டல்காரரிடமும் பூக்காரரிடமும் கொடுத்துவிடுகிறோம். மகளுக்கு எஞ்சுவது தூக்கமுடியாத பாரத்தில் ஓர் அல்பம். என் மூத்தவளின் அல்பம் மெல்பேர்னில் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறது. பதினான்கு வருடங்களில் எத்தனை தரம் திறந்தாய் என்று கேட்டேன். சிரித்தாள்.

இங்கே ஒரு கூட்டம் உடனே எழுந்து, "அந்தக் காலத்து ஊர்க் கலியாணங்களைப் பாருங்கள், எவ்வளவு எளிமை!" என்று பெருமூச்சு விடும். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஊர்க் கலியாணம் எளிமையானதல்ல. கன்னிக்கால் நாட்டுவதிலிருந்து நாலாம் சடங்கு வரை நாட்கணக்கில் நீண்டது. அதன் செலவு பணமாகத் தெரியாமல் உழைப்பாக மறைந்திருந்தது. பயற்றம்பணியாரமும் அரியதரமும் சுட்டுச் சுட்டு அடுப்படியில் வெந்தவர்கள் எங்கள் தாய்மார். பந்தலுக்கு வெள்ளை கட்டியவரும் மேளம் அடித்தவரும் குடிமை என்ற பெயரில் கடமைக்கு அழைக்கப்பட்டார்கள், பந்தியில் இருத்தப்படவில்லை. மாடிக் குடியிருப்பில் பந்தல் போட இடமில்லை என்பதற்காக அதனை நினைத்து ஏங்கவேண்டியதில்லை. நகரத்தில் நடக்கும் திருமணம் நகரத்துக்குரிய வடிவத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். முந்திய தலைமுறை பம்பலப்பிட்டியின் சரஸ்வதி மண்டபத்திலும் கதிரேசன் மண்டபத்திலும் அப்படியொரு வடிவத்தை ஓரளவு கண்டிருந்தது. பின்னர்தான் நாங்கள் ஹோட்டல்களுக்கு ஓடினோம்.

எனக்கு எதிராகச் சொல்லப்பட்டவற்றில் ஒன்று மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. அதைச் சொன்னவள் என் தங்கை.

அவளுடைய திருமணம் 1995 மார்கழியில் நடந்தது. ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். நிச்சயிக்கப்பட்ட திருமணத்தைத் தள்ளிப்போட எவருக்கும் துணிவிருக்கவில்லை. நாளை யார் எங்கே இருப்பார்கள் என்று தெரியாது. கொடிகாமத்தில் ஒரு கோயில் வாசலில், பதினெட்டுப் பேர் நிற்க, இரவல் கூறையில் அவளுக்குத் தாலி ஏறியது. நான் கொழும்பில் இருந்தேன். செய்தி எனக்குக் கடிதமாகக் கிடைத்தபோது மூன்று வாரங்கள் கடந்திருந்தன. படம் ஒன்றுகூட இல்லை. அவள் பிற்காலத்தில் ரொறன்ரோவில் தன் இரு பிள்ளைகளுக்கும் ஊரையே கூட்டித் திருமணம் செய்தாள். என் முடிவைக் கேட்டபோது, "அண்ணை, உங்களுக்குச் சின்னக் கலியாணம் ஒரு விளையாட்டு. எனக்கு அது வந்து வாய்ச்சது" என்றாள்.

அவளுக்கு என்னிடம் பதில் இல்லை. இல்லாமையால் சுருங்கிய திருமணத்தை எளிமை என்று புகழ்பவன் இரக்கமற்றவன். இத்தனை இழப்புகளுக்குப் பின்னர் கூடிச் சிரிக்க எமது சனத்துக்கு உரிமை இல்லையா என்று கேட்பவர்களை நான் மதிக்கிறேன். அவர்களிடம் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: கூடினீர்களா? ஒலிபெருக்கி அலறும் மண்டபத்தில் ஐந்நூறு பேர் மேசைக்குப் பத்தாக இருந்து, மேடையேறி ஒரு படம் எடுத்து, உறையைக் கொடுத்து இறங்கும்போது, முப்பது வருடம் காணாத மச்சானோடு எத்தனை வார்த்தை கதைத்தீர்கள்? என் மூத்த மகளின் திருமணத்துக்கு லண்டனிலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பியோடு நான் கதைத்தது "சாப்பிட்டியா?" என்ற ஒரு சொல். அடுத்த வருடம் அவன் இறந்துபோனான்.

இனி, எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன். பலர் தொலைபேசியில் இரகசியமாகக் கேட்டார்கள். பகிரங்கமாகக் கேட்க வெட்கம் போலும்.

பெயர்ப் பட்டியலில் யாரை வெட்டலாம் என்று தொடங்கினால் அது முடிவதேயில்லை. இதைப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்பித்திருக்கிறது. நீண்ட செய்தியை வெட்டிச் சுருக்குவதைவிடப் புதிதாக எழுதுவது சுலபம். ஆகவே வெற்றுத்தாளில் தொடங்கினோம். கடந்த ஐந்து வருடங்களில் எங்கள் வீட்டில் உணவருந்தியவர், அல்லது நாங்கள் போய் உணவருந்திய வீட்டார் – இவர்களுக்கே அழைப்பு. விதியை வகுத்தவள் மகள். என் பக்கத்தில் ஐம்பது பெயர் வந்தது. முதலில் அவமானமாக இருந்தது. நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் துறையில் இருந்தவனுக்கு ஐம்பது வீடுகள்தானா? பிறகு அந்த ஐம்பது பெயரையும் வாசித்துப் பார்த்தேன். ஒருவரைக்கூட நீக்க மனம் வரவில்லை.

அன்பளிப்பு வேண்டாம் என்று சொன்னதுதான் பெரும் பகையைச் சம்பாதித்துத் தந்தது. 2011 இல் யார் எவ்வளவு தந்தார்கள் என்பதை என் மனைவி ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வீட்டுத் திருமணத்துக்கும் அதைப் பார்த்தே உறையில் பணம் வைப்போம். அவ்வீடுகளிலும் அப்படியொரு கொப்பி இருக்கிறது. பேசாதிருப்போரில் சிலரின் கோபம் அழைக்காமையால் வந்ததா, கடனைத் திருப்பித் தர வழிவிடாமையால் வந்ததா என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

நேரத்தைப் பின்னாலிருந்து முன்னுக்கு எண்ணினோம். மணமக்கள் பசி எடுக்கும் நேரத்தில் உண்ணவேண்டும். அதாவது பன்னிரண்டு மணிக்கு. ஆகவே முகூர்த்தம் பத்து மணிக்குள். சடங்கு ஒன்றரை மணித்தியாலம். மகள் எழும்பியது ஐந்தரைக்கு. தலைவாரிப் பூச்சூடியவள் மெல்பேர்னிலிருந்து வந்த அக்காள். திருமணப் பதிவை முதல்நாளே வீட்டில் இரு சாட்சிகளோடு முடித்துவிட்டதால், அன்று கையெழுத்துக்காக எவரும் அலையவில்லை. பொன்னுருக்கலையும் விட்டுவிடவில்லை, இரு வீட்டாரும் நெருங்கி நின்று பொன் உருகுவதைப் பார்ப்பது எனக்குப் பிடித்த சடங்கு. ஒரு பவுண் இரண்டு இலட்சத்தைத் தாண்டிய காலத்தில், ஒன்பது பவுணில் கொடி என்று எவரும் வாய் திறக்கவில்லை. மூன்று பவுண் போதும் என்றவர் மாப்பிள்ளையின் தாயார். அந்த அம்மையாரை நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஒலிபெருக்கி இல்லை. குருக்களிடம் ஒவ்வொரு கிரியையையும் தமிழில் இரண்டு வசனத்தில் விளக்குமாறு கேட்டோம். அவர் மகிழ்ந்துபோனார். "மற்றக் கலியாணங்களிலை கமராக்காரர்தான் ஐயா எனக்கு எப்ப நிப்பாட்டுறது எண்டு சொல்லுறவர்" என்றார். படம் எடுத்தவர் ஒருவரே. தாலி கட்டும்போது மணவறைக்கு முன்னால் வருவதில்லை என்பது அவரோடு செய்துகொண்ட உடன்படிக்கை. அறுபத்துமூன்று படங்கள் தந்தார். ஒன்றில் என் மனைவி வாய்விட்டுச் சிரிக்கிறாள். 2011 இன் இரண்டாயிரம் படங்களில் அப்படி ஒன்று கிடையாது.

சாப்பாட்டில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. ஒரு இலைக்கு 1,900 ரூபா என்றார் சமையற்காரர். பேரம் பேசாமல் கொடுத்தேன். திருமணச் செலவைக் குறைத்தால் தொழிலாளர் வயிற்றில் அடிப்பதாகும் என்று வாதிடுவோர், தாம் பேரம் பேசிய நாட்களை நினைத்துக்கொள்ளட்டும். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், வடை, பாயசம், கடைசியில் ரசமும் தயிரும். மணமக்கள் முதற்பந்தியில் நடுவில் இருந்தார்கள். மகள் இரண்டாம் தரம் பாயசம் கேட்டாள். பரிமாறியவன் நான்.

இனி, என் தவறையும் சொல்லவேண்டும். மேலே சொன்ன விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியதால் ஒருவரை விட்டுவிட்டேன். எமது அச்சகத்தில் அச்சுக்கோப்பாளராக இருந்த சிங்கள நண்பர். 1983 ஜூலையில் நான்கு நாட்கள் என்னைத் தன் வீட்டின் பின்னறையில் வைத்திருந்தவர். அவருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல், நடமாட்டமில்லை, ஐந்து வருடங்களாக நான் போகவில்லை. ஆகவே பட்டியலில் இல்லை. திருமணம் முடிந்து பத்தாம் நாள், பலகாரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "அவருக்குச் சொன்னனீங்களே?" அன்றே மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு மகரகமைக்குப் போனோம். அவர் அழைப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் எழுந்திருந்து, மகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார். பிறகு என்னைப் பார்த்து, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். சாப்பிட்டோம். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன்.

மற்றவர்களுக்கு: மகளும் மருமகனும் தெஹிவளையில் குடியிருக்கிறார்கள். ஹோட்டலுக்குக் கொடுக்காத பணத்தில் ஒரு பகுதி அந்த வீட்டின் முற்பணமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். நீங்களும் வரலாம். நான்கைந்து பேருக்கு மேல் என்றால் முதல்நாள் ஒரு தொலைபேசி அழைப்புத் தாருங்கள். மனைவி அரிசி கூடப் போடவேண்டும். நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. லிஃப்ட் பெரும்பாலும் பழுதாகத்தான் இருக்கும்; முழங்கால் நோவுள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் மருமகன் இறங்கி வந்து கைபிடித்துக் கூட்டி வருவான்.